கர்வட்டும் கருவாடும்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாகப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என் இடுப்பெலும்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எப்படி உடைந்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், மழை நாளில் குத்துமா என்று. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. என் கதையில் எலும்பு பெரிய விஷயமே இல்லை. அது ஒரே நாளில் உடைந்தது, ஒரே நாளில் டாக்டர் சரி செய்தார். நடுவில் கிடந்த பன்னிரண்டு நாட்களும் என்னைப் பாடாய்ப் படுத்தியது என் தோல். அதுவும் என் கண்ணால் நானே பார்க்க முடியாத இடத்துத் தோல்.

என் பேர் லூர்து. மாயாபந்தர் ஜெட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கணவர் சேவியரும் தூத்துக்குடிதான். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, தீவுக்குத் தீவு ஓடும் படகில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அக்கா ரோசம்மா, எனக்கு மைனி. கல்யாணத்தன்று பந்தியில் வைத்தே, "என் தம்பி தீவுக்காரியைக் கெட்டிக்கிட்டான்" என்று அழுதவள். அன்றிலிருந்து அவள் வாயில் எனக்குப் பேர் தீவுக்காரிதான். ஒருநாளும் லூர்து என்று கூப்பிட்டதில்லை. நான் மட்டும் சளைத்தவளா? "கருவாட்டு மகாராணி" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வேன். அவள் தொழில் அது. கரையில் மீனைக் காயப்போட்டுக் கருவாடாக்கி விற்கிறாள்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கே மீன்பிடித் தடைக்காலம். போட்டுகள் கரையில் நிற்கும், அவளுக்கும் வேலை இருக்காது. தடை முடிந்ததும் மீன் வந்து குவியும். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று போகும் கப்பலுக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கி வந்திருந்தாள். பை நிறையக் கருவாடு. நெத்திலி, சாளை, வாளை. கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இடம் மாறிப் போய்விட்டார்களாம். அதைப் பெருமையாக வேறு சொன்னாள்.

அவள் வந்த பத்தாம் நாள், மழை. டீ கெட்டிலோடு ஜெட்டிப் படியில் இறங்கினேன். கெட்டிலைக் கை விடவில்லை, கால்தான் விட்டுவிட்டது.

மாயாபந்தரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். காகிதத்தில் ஊருக்குப் புதுப் பேர் வந்துவிட்டது, எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். ஆம்புலன்ஸில் ஒரு பலகைமேல் என்னைக் கட்டிப் படுக்க வைத்து, "அசையக் கூடாது" என்றார்கள். வழியில் பாராடாங்கில் வண்டிகளை ஏற்றும் படகுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அசையாமல் கிடந்தேன். வாழ்க்கையில் ஒருமுறை சொன்ன பேச்சைக் கேட்டேன், அதுவே எனக்கு வினையாக வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். இடது தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும், அந்த உருண்டைக்குக் கீழே கழுத்து மாதிரி ஒல்லியான இடம், அங்கே உடைந்திருக்கிறது. பழைய உருண்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். ஆனால் என் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது, மழையில் நனைந்து நெஞ்சில் சளியும் சேர்ந்திருந்தது. இரண்டும் இறங்கின பிறகுதான் கத்தி வைப்பேன் என்றார். அதுவரை காலில் கட்டுப் போட்டு, கயிறு கட்டி, கட்டில் முனையில் ஒரு எடையைத் தொங்கவிட்டார்கள். எலும்பு ஏறிக்கொள்ளாமல் இழுத்துப் பிடிக்க அது.

வார்டு சிஸ்டர் பேர் மிதாலி. வங்காளிப் பெண், உயரமாக, வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள். வந்ததும் ஒரு அட்டையை எடுத்து எனக்கு மார்க் போட்டாள். தானாகப் புரள முடியுமா, காலில் உணர்வு எப்படி, சாப்பிடுகிறேனா, உடம்பில் ஈரம் தங்குகிறதா என்று. மார்க் குறைந்தால் படுக்கைப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று அர்த்தமாம். எனக்கு மிகக் குறைந்த மார்க். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

படுக்கைப் புண் என்றால் கிழங்கட்டைகளுக்கு வருவது என்று நான் நினைத்திருந்தேன். ஒரே இடத்தில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கிக்கொண்டே இருந்தால், அங்கே ரத்தம் போகாது. ரத்தம் போகாத தோல் செத்துப்போகும். யாராக இருந்தாலும் சரி, சில மணி நேரம் போதும். சர்க்கரைக்காரிக்குக் காலில் உணர்வு மந்தமாக இருப்பதால், நசுங்குவதுகூடத் தெரியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

முதல் நாள் ஊசி போட்டதில் நான் தூங்கிக் கிடந்தேன். சேவியர் டியூட்டியை ஒப்படைத்துவிட்டு, வீட்டையும் கோழிகளையும் யாரிடமாவது விட்டு வரலாம் என்று மாயாபந்தருக்குத் திரும்பியிருந்தார். என்னோடு மைனி மட்டும். அவளுக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. ஒரு சொல் என்பது பொய், கடைத்தெருவில் கற்றுக்கொண்ட 'தோ' மட்டும் தெரியும். 'தோ' என்றால் இரண்டு, 'தோ' என்றால் கொடு. அந்தச் சொல்தான் எங்களைக் கவிழ்த்தது.

மிதாலி சிஸ்டர் மைனியிடம் வந்து, விரலைக் காட்டி அழுத்தமாகச் சொல்லியிருக்கிறாள்: "தோ தோ கண்டே மே கர்வட் தோ. சம்ஜி?"

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கர்வட் கொடு, அதாவது பக்கம் மாற்றிப் படுக்க வை என்று அர்த்தம். தீவில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மைனி காதில் விழுந்தது வேறு.

நான் கண் விழித்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி தீவுக்காரி, உங்க ஊரு நர்சுக்குக் கூச்சமே கெடையாதா? நேராவே கேக்குதா!"

"என்ன கேட்டா, மைனி?"

"கருவாடு கேக்குதா! கூடக் கொண்டாந்த பையைத் தொறக்கவே இல்ல, வாசத்துலயே கண்டுபிடிச்சிட்டா. ரெண்டு ரெண்டுன்னு வெரலைக் காட்டுதா. சரி, நம்ம ஆளைப் பாக்கப்போறவதானேன்னு நெத்திலி ஒண்ணு, சாளை ஒண்ணு, ரெண்டு பொட்டலம் கெட்டிக் குடுத்தேன்."

"வாங்கிக்கிட்டாளா?"

"பல்லு அத்தனையும் தெரிய வாங்கிக்கிட்டா."

வாங்காமல் என்ன செய்வாள்? அவள் வீட்டில் கருவாட்டுக்கு 'ஷுட்கி' என்று பேர், உயிரை விடுவார்கள். அன்போடு கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மறுநாள் அவளுக்கு விடுமுறை, மற்ற சிஸ்டர்கள் கூட இருப்பவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள். நானோ அந்த மயக்கத்திலும், "எனக்கு வச்சிருந்த நெத்திலியவா குடுத்தீங்க?" என்று மைனியோடு சண்டை போட்டேனே தவிர, ஹிந்தி தெரிந்த இந்த மண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அசைந்தால் எலும்புக்கு ஆகாது என்ற பயம் வேறு. ஒன்றரை நாள் மல்லாந்தபடியே கிடந்தேன். மைனியும் என்னை ஒரு பூச்சி அண்டவிடாமல் விசிறிக்கொண்டே இருந்தாள், பாவம்.

மிதாலி சிஸ்டர் திரும்பி வந்து என்னை மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கும், இடது குதிகாலில் அதைவிடச் சின்னதாகவும் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் அழுத்தின இடம் வெளுத்துப் பிறகு சிவக்கும், ரத்தம் ஓடுகிறது என்று பொருள். என் தோல் வெளுக்கவே இல்லை. உள்ளே அடிபட ஆரம்பித்துவிட்டது.

"மைனே போலா தா நா, கர்வட் தோ!" என்று, அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி கத்தினாள்.

"குடுத்தேனேம்மா! ரெண்டு பொட்டலம் குடுத்தேனே!" என்று மைனியும் கத்தினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயோ ஆண்டவரே! சிரிப்பு பீறிட்டு வந்தது, சிரித்தால் இடுப்பில் உயிர் போனது. சிரித்துக்கொண்டே அழுதேன். இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, அவளுக்கு ஹிந்தியிலும் இவளுக்குத் தமிழிலுமாக விளக்கினேன். மிதாலி சிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மைனி மட்டும் சிரிக்கவில்லை.

அன்று டாக்டர் வந்து பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அமைதியாகப் பேசினார். "இது இன்னும் கிழியவில்லை. இப்போதே பாரத்தை எடுத்தால் ஆறிவிடும். கிழிந்துவிட்டால், புண்ணிலிருந்து கிருமி புது மூட்டுக்குப் போகும். நான் கத்தி வைக்க மாட்டேன்."

"தள்ளிப் போட்டா என்ன டாக்டர் சாப்? ரெண்டு வாரம் கழிச்சுப் பண்ணுங்க."

"ஆபரேஷன் இல்லாமல் நீங்கள் எழுந்திருக்க முடியாது. படுத்தே கிடந்தால் புண் ஆறாது. புண் ஆறாமல் ஆபரேஷன் கிடையாது. புரிகிறதா?"

புரிந்தது. செக்குமாடு மாதிரி அதிலேயே சுற்ற வேண்டியதுதான். மாதக்கணக்கில் புண்ணுக்குக் கட்டு, மருந்து, அதற்கும் மசியாவிட்டால் மெயின்லேண்ட். படுத்தபடி விமானத்தில் போக எத்தனை சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று, மாயாபந்தரிலிருந்து வந்துசேர்ந்த சேவியர் விசாரித்துவிட்டு வந்து, என்னிடம் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். நான் இனி நடப்பேனா, கடைப் படி இறங்குவேனா என்பது அந்தக் கொட்டைப்பாக்குச் சிவப்பில் வந்து நின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன் என்று டாக்டர் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த காற்று மெத்தைகள் எல்லாம் வேறு ஆட்களுக்கு. அது ஒரு மோட்டார் வைத்த மெத்தை. ஒரு வரிசைக் குமிழ் ஊதும், அடுத்த வரிசை இறங்கும், மாறி மாறி. ஒரே இடத்தில் பாரம் தங்காது. வெளியே மருந்துக் கடையில் விற்றது. விலையைக் கேட்டதும் நான் துள்ளிவிட்டேன், துள்ள முடிந்த அளவுக்கு.

"பிளாஸ்டிக் பாய்க்கு இவ்வளவா? வேணாம். தலையணை போதும்."

மைனி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஊசி போற எடத்தப் பாக்கா, ஒலக்க போற எடத்தப் பாக்க மாட்டேங்கா. லேய் சேவியரு, போய் வாங்கிட்டு வாலேய்!"

சேவியர் போய்விட்டார். மிதாலி சிஸ்டர் மெத்தையை மாட்டிக்கொண்டே சொன்னாள். அந்த வார்டில் ஒரு பெரிய புண்ணுக்கு ஒருமுறை கட்டுப்போடும் நேரத்தில், நாலு பேரைப் பக்கம் மாற்றிவிடலாமாம். ஆனால் எல்லோருக்கும் மெத்தை வேண்டியதில்லை. மார்க் குறைந்தவர்களுக்குத்தான், அதற்குத்தான் அந்த அட்டை. மெத்தை வாங்கிவிட்டோம் என்று சும்மா இருக்கவும் கூடாது. மோட்டாருக்குக் கண் கிடையாது, சிவப்பை அது பார்க்காது என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். மைனி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பக்கம் மாற்றுவது எப்படி என்று செய்து காட்டச் சொன்னாள்.

இடுப்பு உடைந்திருப்பதால் முழுதாகப் புரட்டக் கூடாது. முதுகுக்குக் கீழே தலையணையைச் செருகிச் சற்றே சாய்க்க வேண்டும், அப்புறம் மறுபக்கம். இழுக்கக் கூடாது, துணியோடு தூக்க வேண்டும், இழுத்தால் தோல் உரசும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். மைனி இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். அவள் கை என் முதுகுக்குக் கீழே போனதும் மிதாலி சிஸ்டரே "அரே வா!" என்று மெச்சினாள்.

"இதயா இவ்வளவு நேரம் சொன்னா?" என்றாள் மைனி. சேலை நுனியால் கண்ணைத் துடைத்தாள். "நாஞ்செய்யுத வேலதானட்டி இது. மீனக் காயப்போட்டா, வெயில் பாத்துப் பொரட்டிப் போட்டுக்கிட்டே இருக்கணும். பொரட்டலன்னா மேல பாக்கப் பளபளன்னு இருக்கும், அடிப்பக்கம் புழுத்துப் போவும். பொரட்டுத கைக்குச் செலவு கெடையாது. கெட்டுப்போன மீனுக்குத்தான் செலவு. இத்தன வருசம் கருவாட்டப் பொரட்டினவ, தம்பி பொண்டாட்டியப் பொரட்டாம விட்டுட்டேனே!"

அவள் அழுது நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை என் கல்யாணத்தில்.

அதற்குப் பிறகு அவள் ராஜ்யம்தான். கட்டில் கம்பியில் ஒரு துண்டைக் கட்டினாள். நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேனோ, துண்டு அந்தப் பக்கம். பகலில் அவள், இரவில் பாதி சேவியர், பாதி அவள். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தூங்கிவிட்டு வா என்றால், மேட்டில் ஏறிப்போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு இறங்கி வந்துவிடுவாள். நேரம் ஆனதும் ஆனதுதான். டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாலும், "சாப், கருவாட்டு டைம்" என்பாள். வார்டு முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. பக்கம் மாற்ற வரும்போது மிதாலி சிஸ்டரே, "சலோ, கருவாடு கருவாடு" என்று வருவாள். எனக்கு எரிச்சல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் திட்டுவது மைனியைத்தான். "நிம்மதியாத் தூங்க விடுறீங்களா?" என்பேன். "நீ தூங்கு, தோலு முழிச்சிருக்கட்டும்" என்பாள்.

நாலாம் நாள் குதிகால் வெளுத்தது. அழுத்தினால் வெள்ளை, விட்டால் சிவப்பு. முதுகில் மட்டும் பிடிவாதம். சேவியர் போனில் படம் எடுத்து எனக்குக் காட்டினார். என் முதுகைப் பார்த்து நானே பயந்தேன். சிவப்பு நடுவில் லேசாக நீலம் ஓடியிருந்தது. அன்று முழுக்க மைனி ஜெபமாலையைக் கையிலிருந்து வைக்கவில்லை.

அதே வாரம்தான் அவள் கப்பல். நான் மறந்தே போயிருந்தேன். காலையில் துறைமுகத்தில் ஊதின சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது.

"மைனி, இன்னைக்கில்ல உங்க கப்பல்?"

"ஊதுது, கேக்குதுல்லா. சாய்."

"தடைக்காலம் முடிஞ்சிருமே. மொத வாரத்துலதான மீன் மலிவாக் கெடைக்கும்? வருசத்துக்கே அதானேன்னு சொன்னீங்க."

"சாய்ங்கேன்லா."

சாய்ந்தேன். பொரட்டுகிற கைக்குச் செலவு கிடையாது என்றாளே, பொய். அந்தக் கை அங்கே போயிருந்தால் அவளுக்குச் சம்பாத்தியம். அந்தச் செலவை எந்த டாக்டர் கணக்கிலும் பார்க்க முடியாது. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் உங்களை முதுகுக்குப் பின்னால கருவாட்டு மகாராணின்னு சொல்லுவேன் மைனி" என்றேன்.

"தெரியும்" என்றாள். தலையணையைத் தட்டிச் செருகினாள். "சேவியர் அன்னைக்கே சொல்லிட்டான்."

ஒரு வாரம் முடிந்த காலை, டாக்டர் வந்தார். மிதாலி சிஸ்டர் என்னைச் சாய்த்தாள். டாக்டர் குனிந்து விரலை வைத்து அழுத்தினார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, மைனி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் வாய் மெல்லத் திறந்தது. "வெளுக்குதுட்டி" என்றாள். "வெளுக்குது!"

சர்க்கரையும் சளியும் ஏற்கெனவே வழிக்கு வந்திருந்தன. இரண்டாம் நாள் ஆபரேஷன். அதற்கடுத்த நாளே இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். வீட்டுக்கு விடும்போது தந்த காகிதத்தில் எலும்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். கடைசியில், படுக்கைப் புண் இல்லை, தோல் நலம் என்று ஒரே வரி. அந்த வரியை மட்டும் மைனிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வராத புண்ணுக்கு யாரும் பில் போடுவதில்லை, யாரும் வந்து விசாரிப்பதும் இல்லை.

அடுத்த கப்பலில் மைனி போனாள். துறைமுகத்துக்கு நான் போக முடியவில்லை. நான் தங்கியிருந்த டெலானிபூர் வீட்டு வாசலில் நின்று, "வாறேன் தீவுக்காரி, ஒரே பக்கமாப் படுக்காத" என்றாள். அவ்வளவுதான்.

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர் கடையில் ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். மணத்திலேயே தெரிந்தது. உள்ளே இரண்டு பொட்டலம். ஒன்றின்மேல் பென்சிலால், கோணல்மாணலாக, 'மிதாலி சிஸ்டருக்கு' என்று எழுதியிருந்தது. மற்றதில்: 'லூர்துக்கு. இது திங்கிறதுக்கு.'

பிரித்தேன். நெத்திலி. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மீனில்கூட அடிப்பக்கம் கறுத்திருக்கவில்லை. டீக்குக் காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, அடுப்புப் புகையைச் சாக்குச் சொல்லிக்கொண்டு நன்றாக அழுதேன்.